புளி போட்டுத் தேய்த்த ஜப்பானிய வாள்

"கத்தியைப் புளி போட்டுத் தேய்ச்சேன். அதுதான் தப்பாப் போச்சு."

எடிசன் ஸ்டேஷனில் ரயில் ஏறிய இரண்டு நண்பர்கள் என் முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சொன்னவர் மடியில் லேப்டாப் பை. மற்றவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்தார்.

"எந்தக் கத்தி? அந்த ஜப்பான் வாளா? போன மாசம்தானேடா வாங்கினே?"

"ஆமா. ஆன்டிக் ஷோல என் பட்ஜெட்டுக்கு அது ஒண்ணுதான் கிடைச்சுது. வித்த பெரியவர் ஹேண்டிலைக் கழட்டி, உள்ள இருக்கிற இரும்பைக் காட்டினார். கன்னங்கரேல்னு துரு. இதை மட்டும் டச் பண்ணாதே, இதை வெச்சுத்தான் வாளோட வயசையே சொல்ல முடியும்னார்."

"அப்புறம் ஏன்டா தொட்டே?"

"ஆயுத பூஜை வந்துடுச்சே. எங்கப்பா ஒர்க்‌ஷாப்ல ஒரு ஸ்பேனரைக்கூடத் துருவோட சாமி முன்னாடி வெச்சதில்ல. எனக்கு மனசு கேக்கல. ஹேண்டிலைக் கழட்டி அந்த இரும்பையும் பளபளன்னு க்ளீன் பண்ணி, சந்தனம் குங்குமம் வெச்சுக் கும்பிட்டேன்."

"வித்த பெரியவருக்குத் தெரியுமா?"

"சனிக்கிழமை எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். ஹேண்டிலைக் கழட்டிப் பார்த்தார். அப்புறம் அவரே ஹேண்டிலை மாட்டி, ரெண்டு கையாலயும் எடுத்துக் குடுத்தார்."

நியூவார்க்கில் கூட்டம் ஏறியது. பேப்பர் படித்தவர் மடக்கிய கால்களோடு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சரி, எத்தனை வருஷப் பழசுடா அது?"

"பூஜைக்கு முந்தின நாள் வரைக்கும் முன்னூறு வருஷம்."