ஃப்ளைட்டு லேட்டு

இல்ல சார், பையி மடியிலயே இருக்கட்டும். மேல வெச்சா கசங்கிடும், உள்ள பொடவ இருக்குது. நீங்க ஒங்க பொட்டிய மேல வெச்சுட்டு காலை நீட்டி உக்காருங்க. இதே பஸ்ஸுல விழுப்புரம் வரைக்கும் போறவரு. நான் திண்டிவனத்துலயே எறங்கிடுவேன்.

ஆமாம் சார், ஏர்போர்ட்டுல இருந்துதான் நேரா வர்றேன். இந்தக் காலுக்கு ஃப்ளைட்டான்னு பாக்குறீங்க, பாருங்க, தப்பில்ல. சிமெண்ட்டு தின்ன காலு. நான் கொத்தனாரு, பேரு அமிர்தசாமி. பூனாவுல என் தங்கச்சி பொண்ணு வெனிலாவுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். அதுக்குத்தான் போய்ட்டு வர்றேன். போய்ட்டு வர்றேன்னுதான் பேரு, கல்யாணத்தப் பாக்கல. ஃப்ளைட்டு லேட்டு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு.

நீங்களே சொல்லுங்க சார், ஒரு மனுசன் தாய்மாமனா போறான், அவன இப்பிடிப் பண்ணலாமா? இந்த சீப்பு டிக்கெட்டுக் கம்பெனிங்களே இப்பிடித்தான். நம்ம டவுன் பஸ்ஸுல விக்கல் எடுத்தா பக்கத்துல இருக்கறவன் பாட்டில நீட்டுவான். அங்க ஒரு பொண்ணு வண்டியத் தள்ளிக்கினு வருது. கொஞ்சம் தண்ணி குடும்மான்னா, கார்டா கேஷான்னு கேக்குது. சீட்டு சாயாது. முட்டி போய் முன்னாடி இருக்கறவன் முதுவுல இடிக்குது, அவன் திரும்பித் திரும்பி மொறைக்கிறான். ஜன்னலோரம் வேணும்னா அதுக்குத் தனியா குடுக்கணுமாம். எனக்கு நடு சீட்டு. மொத மொறையா மேல போறேன், ஒரு மேகத்தக் கூடப் பாக்கல. பாத்ரூம் ஒண்ணுதான் சும்மா விட்டு வெச்சிருக்கான்.

அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுச்சு பேஜாரு. பைய எடை போடறான் சார், மார்க்கெட் கமிட்டியில மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டைய போடறாப்புல. இவ்ளோதான் கையில கொண்டு போலாம், மேல போச்சுன்னா காசு கட்டுன்றான். என் சம்சாரம் அமலா முறுக்கு, மல்லாட்டை உருண்டை, பித்தளைத் தட்டுன்னு அடைச்சு வெச்சிருந்துச்சு. நான் இன்னா பண்றது? முறுக்கத் தூக்கி அங்க பெருக்கிக்கினு இருந்த அம்மாகிட்ட குடுத்தேன். அப்பவும் எடை எறங்கல. சரின்னு ஒரு ஓரமா போயி, இந்தப் பொடவைய எடுத்து இடுப்புல சுத்திக்கினு மேல சட்டைய விட்டுக்கினேன். சிரிக்கிறீங்க. எனக்கும் இப்ப சிரிப்புதான் வருது. அப்ப ஒடம்பெல்லாம் வேர்த்துப் போச்சு.

அடுத்து செக்கிங்கு. துப்பாக்கி வெச்சிருந்த ஒரு வடக்கத்திப் போலீஸ்காரன் இடுப்பத் தடவுறான், மெத்து மெத்துன்னு இருக்குது. தள்ளி நின்னு இந்தியில இன்னாவோ கத்துறான். எனக்கு இந்தி தெரியாது. சட்டையத் தூக்கிக் காமிச்சேன். சாரி சார், பொடவ சார், மேரேஜ் சார், நான் மாமா, மாமான்னு நெஞ்சுல தட்டிக் காமிச்சேன். அவங்க பாசையிலயும் அம்மா கூடப் பொறந்தவன மாமான்னுதான் சொல்லுவாங்களாமே? அவன் மூஞ்சியே மாறிடுச்சு சார். மாமாஜீன்னு சொல்லிச் சிரிச்சான். கலைஞ்சத அவனே ஒரு தலைப்பப் புடிச்சு மடிக்கக் குடுத்தான். ஒரு பெரிய கவர் வாங்கிக் குடுத்து கையில வெச்சுக்கோன்னு சைகை காட்டி அனுப்பிட்டான்.

இல்ல சார், காஞ்சிபுரம் இல்ல, நம்ம பஜார்லதான் எடுத்தேன். திண்டிவனத்துல அலங்கார் ஜவுளி ஸ்டோர்னு ஒண்ணு, நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. இப்ப இழுத்து மூடிட்டாங்க. நான் வாங்கினதே குளோசிங் சேல்ல. அந்தக் கடையப் பத்தி பேசினா நான் நிறுத்த மாட்டேன், அமலா திட்டும்.

எங்களுது பிரம்மதேசத்துக்குப் பக்கம். எங்கப்பா கூலிக்காரரு. அந்தக் காலத்துல துணி எடுக்கப் போனா சில கடைங்கள்ல அவரு வாசப்படியத் தாண்ட மாட்டாரு. கீழயே நின்னுக்கினு, சாமி அந்த நீலம் இன்னா வெலைன்னு கேப்பாரு. துணி அளக்கற கோலால காமிப்பாங்க, தொட்டுப் பாக்க முடியாது. எந்தத் தெருவு ஆளுன்னு பாத்தவொடனே தெரிஞ்சிடும் இல்ல. அலங்கார் கடையில மட்டும் தரையில வெள்ளத் துணி விரிச்ச மெத்தை போட்டிருப்பாங்க. மொதலாளி எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான் சொல்லுவாரு, உக்காருங்கன்னு. என் தங்கச்சி சவுரியம்மாளுக்குப் புதுநன்மைக்கு, எங்க மாதா கோயில் சடங்கு அது, வெள்ள கவுனு எடுக்க மொத தபா போனோம். எங்கப்பா உக்காரவே இல்ல, வேட்டி அழுக்குன்னாரு. மொதலாளி எழுந்து வந்து தோளப் புடிச்சு உக்கார வெச்சாரு. சவுரி குட்டிப் புள்ள, அந்த மெத்தையில உருண்டுச்சு. அன்னைலருந்து எங்க வூட்டுல நல்லது கெட்டது எதுவா இருந்தாலும் அங்கதான்.

ம்? ஆமாம், போச்சு. பெரியவரு போனப்பறம் பேரன் வந்தான். மெத்தைய எடுத்துட்டு கண்ணாடி மேசை, சுத்துற நாற்காலி. ஜனங்க ஆன்லைன்ல வாங்கறாங்க, பாண்டிச்சேரிக்குப் போறாங்க. போன மாசம் மூடப் போறோம்னு பேனர் கட்டினான். எங்க தலமுறையே அங்கதான் துணி எடுத்துச்சு, ஒரு வார்த்தை சொல்லலையேன்னு கேட்டேன். அவன் செல்லுலருந்து தலைய எடுக்கல. வித்தா திரும்ப எடுத்துக்க மாட்டோம் பெரியவரேன்னான். அவ்ளோதான். எனக்கு அழுகையே வந்துடுச்சு சார். ஆனா இருக்கறதுலயே நல்லதாப் பாத்து எடுத்தேன். அரக்குல பச்சை பார்டரு. மாமன் பொடவை கட்டிக்கினு பொண்ணு வந்து நிக்கணும், நான் மாலை போடணும், அதுக்கப்பறம்தான் கோயிலுக்குள்ள போவணும். எங்காளுங்க பழக்கம் அது. யேசு சாமிய கும்பிட்டாலும் மாமன் மாமன்தான். அமலா எங்க தெரு பூரா சொல்லிக்கினு வந்துச்சு, எங்கூட்டுக்காரரு மாமன் சீரு செய்ய ஃப்ளைட்டுல போறாருன்னு.

இன்னா சார், போன எடுக்குறீங்க? கம்ப்ளைண்ட்டா? இல்ல இல்ல, வேணாம். டிக்கெட்ட காமிக்கறது ஒண்ணும் இல்ல, ஆனா வேணாம் சார். பணம் திரும்பத் தருவானா? தந்தாலும் வேணாம். உள்ள வையிங்க சார், சொல்றேன் இல்ல. நீங்க நல்லது பண்றதா நெனச்சு அவன் மேல எழுதிடுவீங்க, யாரோ ஒரு புள்ளைக்கு வேலை போவும்.

லேட்டு ஆகல சார்.

டைமுக்கு முன்னாடியே எறக்கிட்டான். மைக்குல அதச் சொன்னாங்க, எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன்.

டிக்கெட்டு போட்டது என் தங்கச்சி மவன், ஜோஸ்வின். ஞாயித்துக்கிழமை கல்யாணம், காலையில எறங்கி நேரா வந்துடுங்க மாமான்னான். ராத்திரிக்கே ரிட்டர்னும் போட்டுட்டான். பத்திரிகை கூட அடிக்கல, இங்கெல்லாம் போன்லதான் சொல்லுவோம்னு சவுரி சொல்லுச்சு. ஞாயித்துக்கிழமை பூசை நாளாச்சே, எந்தக் கோயில்ல கல்யாணம் வெப்பாங்கன்னு அமலா அப்பவே கேட்டுச்சு. பூனாவுல வெப்பாங்க, ஒனக்கு இன்னா தெரியும்னு அத அடக்கிட்டேன்.

ஜோஸ்வின் கார்ல வந்தான். வழி பூரா ரோட்டையே பாத்துக்கினு ஓட்டினான். வூட்டுக்குள்ள காலை வெக்கறேன், வாசல்ல கட்டின மாலை வாடிக் கெடக்குது. ஹால் பூரா சம்பந்தி வூட்டு ஆளுங்க, சாப்பாட்டுக்கு வந்திருக்காங்க. டிவியில போட்டோ ஓடிக்கினு இருக்குது. மொத நாளே, சனிக்கிழமையே, கல்யாணம் ஆயிடுச்சு. போட்டோவுல எவனோ ஒருத்தன் பட்டு வேட்டி கட்டிக்கினு என் எடத்துல நின்னு வெனிலாவுக்கு மாலை போடறான். சவுரி வூட்டுக்காரரு ஆபீசுல கூட வேலை செய்யிறவனாம்.

நான் வாயத் தெறக்கறதுக்குள்ள சவுரி எழுந்து வந்துச்சு. அங்க அது பேரு சவுமியாவாம். எல்லாருக்கும் கேக்கறாப்புல, வாங்கண்ணே, ஃப்ளைட்டு லேட்டான்னு கேட்டுச்சு. அது கண்ணு ரெண்டும் என்ன விட்டு நகரல சார். கையெடுத்துக் கும்பிடாத கொறைதான்.

ஆமாம்மா, லேட்டுன்னேன்.

அப்பறம்தான் புரிஞ்சுது. மாப்ள அப்பாவுக்குப் பூர்வீகம் நம்ம பக்கமாம். அவங்களும் கோயிலுக்குப் போறவங்கதான், ஆனா எங்காளுங்க இல்ல. சவுரி அந்தப் பேச்சையே எடுக்காம முடிச்சிருக்குது, எனக்கும் நாளை மாத்திச் சொல்லியிருக்குது. என்ன எங்க ஊர்ல தெரிஞ்சவருன்னு சொல்லிச்சு. அந்த மனுசன் ஆசையா பக்கத்துல உக்கார வெச்சு, திண்டிவனமா, எந்தத் தெருவுன்னாரு. அந்த ஒரு கேள்விக்கு பயந்துதான் சார் இவ்ளோ வேலையும்.

பஜாருங்க, அலங்கார் ஜவுளி ஸ்டோர்ல இருக்கேன்னேன். எப்பிடி வந்துச்சுன்னே தெரியல. அவரு அப்பிடியே என் கையப் புடிச்சுக்கினாரு. அந்தக் கடையா, வெள்ள மெத்தை போட்டிருப்பாங்களே, எங்கம்மா அங்கதான எடுப்பாங்கன்றாரு. கடை எப்பிடிப் போவுதுன்னாரு. நல்லா போவுதுங்க, வந்தா வாங்க, உக்காந்து பாக்கலாம்னேன். சவுரி தலை குனிஞ்சுக்கினே பரிமாறுச்சு. அந்த மெத்தையில உருண்டது அதுக்கு ஞாபகம் இல்லாமயா போயிருக்கும்? பொடவையக் குடுத்தேன், இவ்ளோ வெலையில வெளியாளு செய்யக் கூடாதுண்ணேன்னு எல்லாரு முன்னாடியும் திருப்பிக் குடுத்துடுச்சு. வெனிலா என்னப் பாக்கவே இல்ல. துப்பாக்கி வெச்சிருந்தவனுக்குத் தெரியுது சார் மாமன்னா யாருன்னு.

டோல்கேட்டு தாண்டிட்டான். மேம்பாலத்துக்குக் கீழ எறக்கி விட்டுடுவான், அமலா அங்க நிக்கும். ஃப்ளைட்டு லேட்டுன்னு நேத்தே போன்ல சொல்லிட்டேன். பொடவைய வெனிலா கட்டிக்கிச்சு, நல்லா இருந்துச்சுன்னும் சொல்லிட்டேன். அதுக்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரிஞ்சிடும். அப்பறம் என் தங்கச்சி ஊருப் பக்கம் எந்த மூஞ்சிய வெச்சுக்கினு வரும்? வராது போலத்தான் இருக்குது, இருந்தாலும்.

அதனாலதான் சார் கேக்கறேன். ஒங்க பொண்ணு காலேஜ் படிக்குதுன்னீங்களே. இத்த அதுக்கு எடுத்துக்கினு போங்க. இல்ல, காசெல்லாம் வேணாம், பையில கைய வுடாதீங்க. கடையும் திரும்ப எடுத்துக்காது, வூட்டுக்கும் கொண்டு போவ முடியாது. யாரு குடுத்தான்னு கேட்டா பஸ்ஸுல ஒரு மாமான்னு சொல்லுங்க. இந்தாங்க.

அதோ, மஞ்சப் பொடவை, கையத் தூக்குது பாருங்க, அதான் அமலா. வர்றேன் சார். மடியிலயே வெச்சுக்குங்க. மேல வெச்சா கசங்கிடும்.