விளம்பரத்தில் வந்த வீடு

மத்தியானம் வில்லியனூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண், போனை ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினாள். "அண்ணா, அந்தக் கொடியில காயறது என்னோட நைட்டிண்ணா!"

நாலைந்து தலைகள் திரும்பின.

அண்ணன் பிரான்சில் இருக்கிறார் போலிருக்கிறது. வாங்கி வாடகைக்கு விட ஒரு வீடு வேண்டுமாம். இணைய விளம்பரங்களில் கண்ணில் படுவதையெல்லாம் அனுப்பி, இவளைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதெல்லாம் அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது.

"எந்த நைட்டி?" என்றார் அண்ணன்.

"இப்ப நீ அனுப்புன போட்டோவுல இருக்கறது நான் குடியிருக்கற வீடு. ஓனர் விக்கப் போறாருன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"புரோக்கர் காலி வீடுன்னு சொன்னானே?"

"அப்ப நானும் ரெண்டு புள்ளைங்களும் யாரு? மூணு மாசமா வெயில்ல வீடு வீடா ஏறி எறங்க வச்ச. ஒண்ணு பொதருக்கு நடுவுல இருக்கு, ஒண்ணு எப்பவோ வித்துப் போச்சு. கடைசியில என் வீட்டையே போய்ப் பாத்துட்டு வான்னு சொல்ற!"

அண்ணன் தயங்கியபடி கேட்டார். "சரி, நான் வாங்கிட்டா நீ எவ்ளோ வாடகை குடுப்ப?"

அவள் போனை முகத்துக்கு நேராகப் பிடித்து முறைத்தாள்.

"மொதல்ல வாங்கு. வாங்கிட்டு பாத்ரூம் ஒழுகறத சரி பண்ணு. அப்புறம் வந்து வாடகையைப் பத்திப் பேசு."

மூலக்குளத்தில் இறங்கும்போதும் அவள் போனை வைக்கவில்லை. மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லாததைப் பற்றி அண்ணனிடம் சொல்லிக்கொண்டே போனாள்.