இடப்பக்க ஜன்னல் சீட்

– மூணு தடவை அனுப்பினேன். மூணு தடவையும் கையெழுத்து இல்லாம திரும்பி வந்திருக்கு. ஒரு திருத்தம் இல்ல, ஓரத்துல ஒரு பென்சில் கிறுக்கல்கூட இல்ல. என்னதான் வேணும் உன் ஆளுக்கு?

– அஞ்சு வாரம் முன்னாடி வரைக்கும் உன் ஆளு அண்ணா அவன்.

– அப்ப அவனுக்கு நான் ஏஜென்ட். இப்ப நீ ஏஜென்ட், நான் இந்த ஹாக்கி அணியோட மேனேஜர். மேஜைக்கு இந்தப் பக்கம் வந்தாச்சு.

– நாற்காலி சௌகரியமா இருக்கா?

– முதுகு வலிக்குது. பேச்ச மாத்தாத. ஊரே கதவுன்னு கூப்பிடற கோல்கீப்பர். அவன் போயிட்டா பெனால்டி கார்னருக்கு நான் யாரக் கொண்டுபோய் நிறுத்துவேன்? சாயந்தரம் அஞ்சு மணிக்குப் பதிவு முடியுது. அதுக்குள்ள கையெழுத்து வரலேன்னா இந்த வருஷப் பட்டியல்ல அவன் பேரே இருக்காது.

– தெரியும்.

– தெரியும்னா காரணத்தச் சொல்லு.

– சொல்லக்கூடாது. "ஆட்டக்காரன் ரூமுக்குள்ள சொன்னது வாசப்படியத் தாண்டக்கூடாது." யாரு சொன்னது?

– நான்தான்.

– முதல் நாள் சொன்ன. வாங்கின டீய ஆற வெச்சிட்டுச் சொன்ன.

– சரி, நீ சொல்லவே வேண்டாம். நான் ஒவ்வொரு பக்கமா எடுக்கறேன், நீ சும்மா உக்காந்திரு. உன் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிடறேன்.

– நான் மார்க் ஷீட்ட அரிசி டின்னுல ஒளிச்சப்பக் கண்டுபிடிச்சியா?

– அம்மா கண்டுபிடிச்சாங்க.

– அதுவும் அரிசி தீந்தப்புறம்.

– சிரிக்காத. முதல் பக்கம், எத்தன வருஷம்ங்கறது. ரெண்டு கேட்டான், நாலு குடுத்திருக்கேன். ரெண்டாவது, மூணாவது சம்பளம். கேட்டது அப்படியே இருக்கு. நாலாவது, அவனக் கேக்காம வேற அணிக்கு மாத்த முடியாது. எந்த மேனேஜரும் லேசுல குடுக்க மாட்டான் அத, நான் குடுத்திருக்கேன். இதுல எதுவும் இல்லையே?

– நான் ஒண்ணும் சொல்லல.

– அப்ப நம்ம பழைய வித்தையக் காட்டறியா? எது பிடிக்கலேன்னு சொன்னா எதிராளி அத மட்டும் சரி பண்ணுவான். ஒண்ணுமே சொல்லாம திருப்பி அனுப்பினா, எங்க குறைன்னு தெரியாம எல்லாத்தையும் ஏத்திக் குடுப்பான். நானே எத்தன பேர அப்படித் தூங்க விடாம அடிச்சிருக்கேன்.

– வித்தையா இருந்தா ரெண்டாவது தடவையே உனக்கு மூக்குல வேர்த்திருக்கும். இது வித்தை இல்ல. இத மட்டும் சொல்லலாம்.

– வேற என்ன சொல்லலாம்?

– சொல்ல வேண்டியதில்ல, குடுக்கணும். இந்தா. உன் பேருக்கு எழுதின கடிதம், அதனால நீ படிக்கலாம். அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து முடியலேன்னா குடுக்கச் சொன்னான். நான் கொஞ்சம் முன்னாடியே குடுக்கறேன், அவ்வளவுதான்.

– "குடும்பக் காரணங்களால் ஆட்டத்திலிருந்து விலகிக்கொள்கிறேன்." என்ன இது? இருபத்தொம்பது வயசு அவனுக்கு! கோல்கீப்பருக்கு அதுதான் விளையாட்டு கைக்கு வர வயசு. குடும்பத்துல என்ன?

– ரெண்டு வயசுல ஒரு பொண்ணு. நேத்து என் கைப்பையத் தலகீழாக் கவுத்துச்சு. மத்தபடி எல்லாரும் நல்லா இருக்காங்க.

– அப்ப இந்த ஒப்பந்தத்துல ஏதோ ஒண்ணு, கையெழுத்து போடறதவிட ஆட்டத்த விடறது மேல்னு தோணற மாதிரி இருக்கு.

– நான் ஒண்ணும் சொல்லல.

– அஞ்சுலேர்ந்து ஒம்பது வரைக்கும் எல்லாருக்கும் ஒரே பொது விதி, அத விடு. பத்தாவது பக்கம், ஓட்டல் ரூம். ஒண்ணும் இல்ல. பதினொண்ணு, பஸ் சீட். வெளியூர் போறப்ப இடப்பக்க ஜன்னல் சீட் கோல்கீப்பருக்கு, வேற யாரும் உக்காரக்கூடாதுன்னு இருந்துச்சே, அத நான் எடுத்துட்டேன். ராசி சீட்டுன்னு நான்தான் கதை கட்டிவிட்டேன். பழைய மேனேஜர் விழுந்து விழுந்து சிரிச்சாரு, ஆனா எழுதிக் குடுத்தாரு. அடிபட்ட காதுதான் சரியாயிடுச்சே, இனி எதுக்கு ராசி, எதுக்கு சீட்டு? ... என்ன, ஜன்னல்ல என்ன பாக்கற?

– கீழ மைதானத்துக்குத் தண்ணி அடிக்கறாங்களே, இன்னைக்கு மேட்ச் இருக்கா?

– பயிற்சி. செயற்கைத் தரை காஞ்சா பந்து இழுத்துப் பிடிக்கும், நனைஞ்சாதான் ஓடும். அது உனக்கே தெரியும். நீ ஏன் இப்ப அதக் கேட்ட?

– தோணுச்சு.

– அவன் காது சரியாகலையா?

– நான் ஒண்ணும் சொல்லல அண்ணா.

– மூணு மாசத்துல திரும்பிடும்னு டாக்டர் சொன்னாரே!

– மூணு மாசம் கழிச்சு நீ கேட்டியா?

– ...இல்ல. புது ஒப்பந்தம் முடிஞ்சுது, ஃபைல மூடினேன். அடுத்த ஆளுக்குப் போயிட்டேன்.

– அந்த ஃபைல நான் இந்த மாசம்தான் திறந்தேன். அதுக்கு மேல கேக்காத.

– கேக்க வேண்டியதில்ல. எல்லாம் கண் முன்னாடியே இருந்திருக்கு. பயிற்சியில பந்து ஹெல்மெட்டுல இடப்பக்கம் பட்டுச்சு. அடுத்த வாரம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். வெளியூர் டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன், யாருக்கும் சொல்லாதன்னும் நான்தான் சொன்னேன். பஸ்ஸுல இடது ஓரத்துல உக்காந்தா பேசறவன் எப்பவும் வலப்பக்கம்தான் இருப்பான். ஒரு பயலுக்கும் சந்தேகம் வராது. எவ்வளவு அழகா யோசிச்சேன் பாரு.

– அழகாத்தான் யோசிச்ச.

– அவன் சாப்பாட்டு மேஜையில இடது மூலையப் பிடிக்கறதுக்கு, திமிருன்னு இங்க பேரு. இடப்பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டான், அதுவும் திமிர். நானே போன வாரம் கூப்பிட்டேன், திரும்பல. மேனேஜர் ஆனதுல கோவமோன்னு நினைச்சேன்.

– கூப்பிட்டப்ப அவனுக்கு எந்தப் பக்கம் நின்ன?

– அதான். இன்னொண்ணு கேளு. வந்த முதல் நாள் போன சீசன் கணக்கப் பாத்தேன். வாங்கின கோல் இருபது. அதுல பதினாலு இடப்பக்கத்துலேர்ந்து. இடப்பக்கம் தடுத்து ஆடற பேக்க மாத்தினாங்க, திரும்ப மாத்தினாங்க, ரெண்டு பசங்கள வீட்டுக்கே அனுப்பினாங்க. பேக்கு "விட்டுடு, நான் பாத்துக்கறேன்"னு கத்துவான். கூட்டத்துச் சத்தத்துல இவனுக்கு அது கேக்கவே கேக்காது. ரெண்டு பேரும் ஒரே பந்துக்குப் போவாங்க, இல்ல ரெண்டு பேரும் விட்டுடுவாங்க.

– அந்த ரெண்டு பசங்க நம்ம ஆளுங்க இல்ல.

– அப்ப அப்படித்தான் பாத்தேன். இப்ப அவங்க இருந்த அணிக்கு நான் மேனேஜர். சரி, காது இருக்கட்டும். கையெழுத்துக்கும் காதுக்கும் என்ன? ஒப்பந்தத்துல காதப் பத்தி எங்க... ஏழாம் பக்கம்.

– நான்...

– ஒண்ணும் சொல்லல, தெரியும். "வீரருக்கு இதுவரை ஏற்பட்ட எல்லாக் காயங்களும் அணிக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டன என்று வீரர் உறுதி கூறுகிறார்." இது முன்னாடி கிடையாது. இந்த வருஷம்தான் வந்துச்சு.

– யாரு சேத்தது?

– ஏன் கேக்கற, தெரிஞ்சுகிட்டே? வேலைக்குச் சேந்த அன்னைக்கு கிளப் தலைவரம்மா கேட்டாங்க, "ஏஜென்ட்டுங்க எங்கெங்க ஓட்டை வெப்பீங்க?"ன்னு. பதினோரு ஓட்டையச் சொன்னேன். அவங்களுக்கு ஒரே சந்தோஷம். வக்கீலக் கூப்பிட்டுப் பதினொண்ணையும் அடைச்சாங்க. அதுல ஒண்ணு இது.

– உன் கையால நீயே அடைச்ச.

– உள்ள ஆள் இருக்கறது மறந்துபோச்சு.

– சார், உள்ள வரலாமா? அதான், மணி மூணரை ஆகுது. மத்த இருபத்தொரு பேரோடதும் தயார். கோல்கீப்பர் ஒப்பந்தம் மட்டும்தான் பாக்கி. அதான் ஞாபகப்படுத்தலாம்னு.

– வாங்க டைப்பிஸ்ட்டம்மா. நல்ல நேரத்துல வந்தீங்க. கோல்கீப்பரோடதுல ஏழாம் பக்கத்த மட்டும் எடுத்துட்டு, மிச்சத்த மறுபடி டைப் அடிச்சா எவ்வளவு நேரம் ஆகும்?

– டைப் அடிக்கப் பத்து நிமிஷம் சார். ஆனா அத எடுக்க முடியாதே.

– ஏன் முடியாது?

– அதான் சார், நீங்க சொன்னதுதான். "எவன் ஒப்பந்தத்துல ஏழாம் பக்கம் இல்லையோ, அவன முதல்ல தோண்டிப் பாருங்க"ன்னு தலைவரம்மாகிட்டச் சொன்னீங்க. குறிப்பு எடுத்தது நான்தான். அவங்க ஒவ்வொரு ஒப்பந்தத்துலயும் முதல்ல ஏழாம் பக்கத்தத்தான் புரட்டறாங்க.

– இன்னும் என்னென்ன சொன்னேன்மா அன்னைக்கு?

– நிறைய சொன்னீங்க சார். நாலு பக்கம் வந்துச்சு.

– அண்ணா, நீ பழைய ஏஜென்ட் மூளையாலயே யோசிக்கற. பக்கத்த எடுத்தா மறுபடி ஒளிக்கறதுதானே?

– அப்ப உள்ளதச் சொல்லச் சொல்லு அவன! ஒரு காது கேக்காதுன்னு எழுதிக் குடுக்கட்டும். ஆட்ட விதியில காதப் பத்தி ஒரு வரி கிடையாது. டாக்டர் பாத்து சரின்னா ஆடலாம். இடது பேக்குக்குக் கோச் கை சைகை சொல்லிக் குடுப்பாரு. இவன் இல்லாம ரெண்டு மேட்ச் தாங்காதுன்னு தலைவரம்மாவுக்கும் தெரியும். இவனுக்கு என்ன நஷ்டம்?

– அத நான் அவன்கிட்டச் சொல்லாம இருப்பேனா?

– சொல்லியும் விலகறேங்கறானா? என்ன பயம் அவனுக்கு?

– அத நான் சொல்லக்கூடாது. ஆனா கேட்டுட்டு வரலாம், சொல்லலாமான்னு. கீழ கேலரி முதல் வரிசையிலதான் உக்காந்திருக்கான்.

– போன்லயே கேளேன்.

– வேண்டாம், இது நேர்ல கேக்க வேண்டியது. அவனுக்கு வலப்பக்கமா உக்காந்து கேக்கறேன். நீ ஏழாம் பக்கத்தப் பாத்துகிட்டு இரு.

– அம்மா, நீங்க உக்காருங்க. ஏன் நிக்கறீங்க?

– பரவால்ல சார். அதான்... நானும் ஒண்ணு சொல்லட்டுமா? கோல்கீப்பர் தம்பி ஆபீசுக்கு வந்தா எப்பவும் என் மேஜைய ஒரு சுத்து சுத்தி, ஜன்னல் பக்கமா வந்துதான் பேசுவாரு. ரெண்டு வருஷமா. காத்துக்காக வராருன்னு நினைச்சேன்.

– அப்படி வந்தாதான் நீங்க அவனுக்கு வலப்பக்கம் இருப்பீங்க.

– பாவம் சார். சொல்லியிருந்தா நானே மேஜையத் திருப்பிப் போட்டிருப்பேன். ரெண்டு நிமிஷ வேலை.

– சொல்லாதன்னு நான் சொன்னேன்மா.

– வந்துட்டேன் அண்ணா. கேட்டாச்சு. முதல்ல மாட்டேன்னான். அப்புறம் தண்ணி நிக்கற வரைக்கும் தரையவே பாத்துட்டு, "சரி, சொல்லிக்குங்க"ன்னான். அதனால சொல்றேன். காது போனது தெரிஞ்சா தன் வேலை போகும்ங்கற பயமே அவனுக்குக் கிடையாது.

– பின்ன?

– "உண்மைய எழுதினா அடுத்த கேள்வி, இத்தன நாள் மறைச்சது யாருன்னு வரும். அண்ணன் பேரச் சொல்லணும். வந்து அஞ்சு வாரம்தான் ஆகுது, அண்ணன் வேலை போயிடும். பொய் சொல்லிக் கையெழுத்து போடவும் கை வரல. நான் விலகிட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க." இதுதான் அவன் சொன்னது. அப்படியே சொல்லிட்டேன்.

– அந்தக் கடிதத்த எங்க வெச்சேன்?

– உன் கையிலதான் இருக்கு.

– மூணு தடவை திருப்பி அனுப்பினானே, ஒரு தடவை மேல வந்து என்னத் திட்டியிருக்கலாம்ல?

– அவனுக்கு அது தோணல.

– நான் காதப் பத்தி மேல சொல்றதுக்கு அவன் சம்மதமா? அதையும் கேட்டியா?

– கேட்டேன். "காது என்னுது, சொல்லட்டும். அண்ணன் தன்னப் பத்திச் சொல்லிக்கறது அவர் இஷ்டம்"னான்.

– சரி. பொண்ணுக்கு ரெண்டு வயசுன்னியே, அது எந்தப் பக்கம் நின்னு கூப்பிடும்?

– தோள்ல தூக்கி வெச்சிருப்பான். வலது தோள்ல.

– அம்மா, தலைவரம்மா மாடியில இருக்காங்களா?

– நாலு மணிக்குக் கிளம்பறாங்க சார். அதான், இப்பவே போனாப் பிடிக்கலாம்.

– வெறுங்கையோட போனா நான் ஏதாவது மழுப்பிடுவேன். அதான் என் தொழிலா இருந்துச்சு. பேப்பரோடதான் போகணும். எழுதிக்கறீங்களா?

– அண்ணா, அத எழுதினா இந்த நாற்காலி இருக்காது. யோசிச்சுக்கோ. ஏஜென்ட்டாச் சொல்லல, தங்கச்சியாச் சொல்றேன்.

– முதுகு வலின்னு அப்பவே சொன்னேன்ல.

– சார், எழுதிக்கறேன், சொல்லுங்க. எந்தப் பக்கத்துல?

– ஏழாம் பக்கம் அப்படியே இருக்கட்டும். "வீரர் உறுதி கூறுகிறார்"ங்கற இடத்துல மட்டும் "மேனேஜர் உறுதி கூறுகிறார்"னு மாத்துங்க. அதுக்குக் கீழ இதப் போடுங்க: "கோல்கீப்பருக்கு இடது காது கேட்காது. இரண்டு வருடமாக அதை அணியிடம் மறைத்தது அவருடைய ஏஜென்ட்டாக இருந்த நான்." அதுல முதல் கையெழுத்து நான் போடறேன், பதினோராம் பக்கத்துல அவன் சீட்டத் திரும்பச் சேத்துடுங்க.