கொய்னாவுக்குப் பயந்து ஓடினோம்

"ஓடு பார்வதி! டிரசரு வந்துட்டாரு!"

அஞ்சலை கத்துகிறாள். ஓடுகிறேன். எனக்கு வயிற்றில் ஏழு மாதம். பக்கத்து வீட்டு அஞ்சலைக்கு எட்டு. பின்னால் காலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தண்டவாளத் துண்டை அடிக்கிறார்கள். டங். டங். டங். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஈரத்தில் பதுங்குகிறோம். கொசு மொய்க்கிறது. அடித்தால் சத்தம் கேட்கும். கடியைப் பொறுத்துக்கொள்கிறோம்.

போர் என்றால் எல்லோரும் ஜப்பான்காரனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என் போர் அதற்குப் பத்து வருஷம் முந்தியது. லாபிஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம். எதிரி குளிர்காய்ச்சல். நாங்கள் பயந்ததோ மருந்துக்கு.

தினமும் பெரட்டில், தோட்டத்து மருந்துக்காரரான டிரசர் எங்கள் வாயில் கொய்னா என்ற காய்ச்சல் மருந்தை ஊற்றுவார். விழுங்கிவிட்டுப் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். வாயில் அடக்கிக்கொண்டு பெயர் சொல்ல முடியுமா? அதனால்தான் ஓடினோம். எங்கள் லயத்தில் ஒருத்தி காய்ச்சலோடு அதைக் குடித்தாள். மறுநாள் கரு கலைந்தது. கொய்னாதான் கலைத்தது என்றார்கள் பெண்கள். நானும் நம்பினேன். புத்தி கெட்டவள். கலைத்தது காய்ச்சல்.

ஒரு மாதம் இப்படியே ஓடினோம்.

வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்று மணி. குளிர் வருகிறது. இரண்டு கம்பளி போர்த்தியும் பல் கிடுகிடுக்கிறது. அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதே மூன்று மணி. உதடு வெளுத்துவிட்டது. பிள்ளையின் அசைவு குறைகிறது. செத்துவிடுவேனோ என்று பயந்தேன். எனக்கு முன்னால் அது செத்துவிடுமோ என்று இன்னும் பயந்தேன்.

அஞ்சலைக்கும் காய்ச்சல். செவ்வாய்க்கிழமை வலிப்பு வந்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தடதடவென்று கேட்டது.

"யாராச்சும் ஓடியாங்களேன்!" அவள் புருஷன் கத்தினார்.

பிறகு தடதடப்பு நின்றது. பிள்ளையை வயிற்றில் வைத்தபடியே போய்விட்டாள்.

மறுநாள் நானே பெரட்டுக்குப் போனேன். வாயைத் திறந்தேன். குடல்வரை கசப்பு. "பார்வதி" என்றேன்.

"இத்தன நாளு எங்கம்மா போன?" என்றார் டிரசர். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

காய்ச்சல் விட்டது. அதற்குள் பிள்ளை இளைத்துப்போயிருந்தது. எட்டாம் மாதமே பிறந்தாள். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கினாள். பால் உறிஞ்சத் தெம்பில்லை. பதினோரு நாள் இருந்தாள்.

அஞ்சலை ஒன்று. அவள் வயிற்றில் இருந்தது ஒன்று. என் மகள் ஒன்று. மொத்தம் மூன்று. இதில் ஓர் உயிரைக்கூடக் கொய்னா எடுக்கவில்லை.