இடி அத்தையைச் சாகடித்த சீட்டுகள்

இலவசமாகப் படம் பார்க்க வருகிறவர்கள் பேனா கொண்டுவர மாட்டார்கள். நாம்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தால் திரும்பி வராது. அன்றைய ப்ரிவியூ காட்சிக்கு நானே நூற்றிருபது பேனா வாங்கி வைத்தேன். சினிமா எழுத்தாளர் சங்கத்து விசாரணை என்றதும் அதைப் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கேட்பது வேறு. நாற்காலி நூற்றிருபதுதான், கருத்துச் சீட்டு மட்டும் எப்படி நூற்றறுபத்து மூன்று வந்தது என்கிறீர்கள். சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் விளங்கும்.

'இடி அத்தை' என் அக்கா வரைந்த சித்திரக்கதை. வார இதழில் இருபத்தேழு வருடம் வந்தது. நீங்களும் படித்திருப்பீர்கள், வெட்கப்பட வேண்டாம். அத்தை ஐம்பது வயதுத் தபால் குமாஸ்தா. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பறப்பாள். ஒரு கைதட்டில் ஓடுகிற பஸ்ஸை நிறுத்துவாள். தரையிறங்கியதும் "ஐயோ, என் முட்டி" என்பாள். அவளுக்கு ஒரு தம்பி, பெயர் தொடைநடுங்கி. திருடன் வந்தால் பீரோவுக்குள் ஒளிந்துகொள்வான். அப்புறம் வெளியே வரத் தெரியாமல் அக்காவைக் கூப்பிடுவான். வாராவாரம் இதே கூத்து. அவனுக்குக் காது கொஞ்சம் பெரிது. தயவுசெய்து என் காதைப் பார்க்காதீர்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பள்ளிக்கூடத்தில், கல்லூரியில், என் கல்யாண மேடையில்கூட என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். நகைச்சுவையை யார் செய்தாலும் ரசிக்கிறவன் நான்.

படக் கம்பெனி உரிமை கேட்டு வந்தபோது, திரைக்கதையைத் தம்பி எழுதினால் தருகிறேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். ஒப்பந்தத்தை நான்தான் அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். விரலெல்லாம் மையாக வந்து உட்கார்ந்தாள்.

"நீ படிச்சுட்டியாடா?"

"ஒரு வரி விடாமப் படிச்சுட்டேன்க்கா."

"அப்போ சரி. என்ன வேணா மாத்திக்கோ, சினிமான்னா மாத்தத்தான் வேணும். அவளைச் சாகடிக்க மட்டும் விட்டுடாதே. அவ இல்லேன்னா காலையில எழுந்து நான் என்னடா பண்ணுவேன்?"

"சரிக்கா" என்றேன். அவள் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். அதில் ஒரு வரி இருந்தது: படத்தில் நடப்பதுதான் இனிமேல் பத்திரிகைக் கதையிலும் நடந்ததாகக் கொள்ளப்படும். அதாவது, படத்தில் அத்தை செத்தால் பத்திரிகையிலும் செத்தாள். அப்புறம் அக்கா அவளை வரையவே முடியாது.

பிறகு வேலையை ஆரம்பித்தேன். முதலில் முட்டிவலியை எடுத்தேன். பறக்கிறவளுக்கு முட்டிவலி எதற்கு? அடுத்து அந்தக் கண்ணாடிக் கயிறு. பிறகு வயது. "ஐம்பது வயசு அம்மாவைப் பார்க்க எவன்யா வருவான்?" என்றார் முதலாளி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, முப்பதாக்கினேன். தொடைநடுங்கி பீரோவுக்குள் ஒளிகிற காட்சி, பீரோவைத் தூக்கி வீசுகிற காட்சியாயிற்று. அவனாக நடித்தவர் ஆறு மாதமாக உடம்பை ஏற்றி வைத்திருந்தார், பீரோவுக்குள் தோளே நுழையவில்லை. நான் என்ன செய்ய? அந்த உடம்புக்குப் பழைய பெயர் பொருந்துமா? 'இடிமுழக்கன்' என்று வைத்தேன். ஒரே வீட்டில் இரண்டு பேர் கைதட்டினால் குழப்பம் என்று கைதட்டலையும் அவனுக்கே கொடுத்தேன். காதைப் பற்றி ஒப்பனைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன், அவ்வளவுதான்.

இதற்கப்புறம் பாவம், அத்தைக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது? பத்தாவது நிமிடத்தில் அடிபட்டுப் படுத்துவிடுகிறாள். கடைசியில் எழுந்து வருவதா, செத்துப்போவதா என்று முதலாளிக்கும் இயக்குநருக்கும் பெரிய வாக்குவாதம். "ஜனங்ககிட்டயே விட்டுடலாம்" என்றார் முதலாளி. அதற்காகத்தான் அந்த ப்ரிவியூவும் சீட்டும். அவள் எழுந்து வருகிற படத்தைப் போட்டுக் காட்டி, இவள் பிழைக்க வேண்டுமா என்று கேட்டோம்.

சீட்டுகளைச் சேர்த்துக் கொடுக்கும் பொறுப்பை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் மேசைமேல் பரப்பி ஒவ்வொன்றாகப் படித்தேன். நூற்றுப் பதினாலு பேர் அத்தை வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். தொடைநடுங்கி பழையபடி பீரோவில் ஒளிந்தால் இன்னும் நன்றாயிருக்கும் என்று ஒரு மேதாவி எழுதியிருந்தார். அந்த ஒரு சீட்டை மட்டும் கிழித்துப் போட்டேன். காரணம் ஒன்றுமில்லை. மற்றவற்றை ஒரு பையில் கட்டிப் பரணில் போட்டேன், போய் எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் புதிதாக எழுதினேன். இடது கையால் கொஞ்சம், சாய்த்துக் கொஞ்சம், எழுத்துப்பிழையோடு கொஞ்சம். அக்கா செத்தால்தான் தம்பி நிமிர்வான் என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் தெரியுமா? எழுத எழுத உற்சாகம் வந்துவிட்டது, எண்ண மறந்துவிட்டேன். முதலாளி படித்துவிட்டு, "ஜனங்களுக்கு இரக்கமே இல்லையே" என்று உச்சுக்கொட்டினார். அத்தையைச் சாகடித்தார்கள்.

அந்த ஒப்பந்த வரியையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் தோண்டி எடுத்துவிடுவீர்கள். கம்பெனி வக்கீலுக்கு அப்படியொரு யோசனையே வரவில்லை. போடச் சொன்னது நான். படம் ஒரு மாதிரி, பத்திரிகை ஒரு மாதிரி இருந்தால் வாசகர்கள் குழம்பிப்போவார்கள் அல்லவா? இப்போது இதழில் இடிமுழக்கன் தனியாக வருகிறான். எழுதுவது நான், வரைய வேறு ஆள் போட்டிருக்கிறார்கள். அக்கா காலையில் எழுந்து மேசையைத் துடைத்து, பென்சிலைச் சீவி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாளாம், அத்தான் சொன்னார். அவளுக்கும் ஓய்வு வேண்டாமா?

படம் வந்த அன்று என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தாள். எல்லாரும் எழுந்து போன பிறகும் எழுந்திருக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டா, அவனை நான் அப்படி வரைஞ்சது உனக்கு அவ்வளவு வலிச்சுதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேனே."

எதை வைத்து அப்படிக் கேட்டாள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இதில் வலிக்க என்ன இருக்கிறது? அந்தப் பயல் வந்தது மொத்தம் ஆயிரத்து முந்நூற்று எண்பத்தொரு இதழ். அதில் ஒன்றைக்கூட நான் மனதில் வைத்துக்கொண்டதில்லை.