பெல்பேர்ட் அருவிப் பாதை அடைப்பு குறித்து மார்லீன் ஹாக்கிங் கொடுத்த இரண்டாவது வாக்குமூலம்

பெயர்: மார்லீன் ஹாக்கிங். வயது: 63. மணவிலக்குப் பெற்றவர். மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விலாசம்: 9, கேசுவரினா சந்து, லூரா, நீலமலை, நியூ சவுத் வேல்ஸ். நாள்: 15 அக்டோபர் 2025, புதன்கிழமை, காலை 10.20 மணி. பதிவு செய்தவர்: சீனியர் கான்ஸ்டபிள் டெகன், கட்டூம்பா காவல் நிலையம்.

நான் மேற்படி விலாசத்தில் பத்தொன்பது வருடமாகத் தனியாகக் குடியிருந்து வருகிறேன். கடந்த 11-ஆம் தேதி சனிக்கிழமை, கிளைவ் பாட்டர்ஹாம், வயது 68, என்பவர் காணாமல் போனது சம்பந்தமாக இதே நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்துள்ளேன். அதில் ஒரு விஷயம் பொய். அதைத் திருத்துவதற்காக, யாரும் அழைக்காமல் நானாகவே இன்று ஆஜராகியுள்ளேன்.

மேற்படி கிளைவ், காலஞ்சென்ற என் தங்கை ஜாயின் கணவர். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜாய் இறந்து இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகிறது. அவள் இறந்த இரண்டாவது வாரத்தில் நான் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, நடக்கப் போகலாம் வா என்று கூப்பிட்டேன். அதிலிருந்து இருவரும் ஞாயிறுதோறும் நடந்து வந்தோம். இந்த ஆகஸ்ட் மாதம், மலை விளிம்பிலேயே மூன்று நாள் நடந்து, கிழக்கே பெல்பேர்ட் அருவியில் தொடங்கி வழியிலுள்ள அருவிகளையும் பார்வைமுனைகளையும் ஒன்று விடாமல் பார்த்து முடிப்பது என்று முடிவு செய்தோம். அதன் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் மத்தியானம் என் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்துத் திட்டம் போட்டோம். நான் எழுதுவேன், அவர் மறுத்துப் பேசுவார். கூடாரம் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்பது அவர் கட்சி. மலைமேல் வரிசையாக ஊர்கள் இருக்கும்போது விடுதியில் படுக்கலாம் என்பது என் கட்சி. "ராத்திரி மெத்தையில படுக்கறதுக்குப் பேரு நடைப்பயணமா? தபால்காரன் வேலை அது" என்றார். நான் மணிக்கணக்குப் போட்டு எழுதுவதைப் பார்த்து, "தளபதியம்மா, ஒண்ணுக்குப் போகவும் நேரம் ஒதுக்கிட்டியா?" என்று கேட்பார். ஆறு முறை திட்டத்தை மாற்றி எழுதினேன், கடைசியில் விடுதி என்றே முடிவானது. வரைபடம் மடிப்புகளில் கிழிந்துவிட்டது. முதல் நாள், அருவிப் பாதையின் பிரதான வாசலுக்குப் போகாமல் நார்த் தெருவின் கோடியிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையில் போனால் நாற்பது நிமிடம் மிச்சம் என்று எழுதியது நான்தான்.

8-ஆம் தேதி புதன்கிழமை கிளைவ் தனியாக வரவில்லை. தேவாலயப் பாடற்குழுவில் பழக்கமான இவோன் என்ற பெண்மணியையும் கூட்டி வந்தார். அந்த அம்மாள் எலுமிச்சை கேக் செய்து கொண்டுவந்திருந்தார். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஜாய் உட்காரும் நாற்காலி என்பது அவருக்குத் தெரியாது. கிளைவுக்குத் தெரியும். இவோனும் நடக்க வருகிறார் என்று கிளைவ் சொன்னார். திட்டம் இரண்டு பேருக்குப் போட்டது என்று நான் சொன்னேன். மழை வருகிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றும் சொன்னேன். நீ வராவிட்டால் நாங்கள் வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம் என்று சொல்லி, அவர் என் திட்டத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசலில் இவோன் பின்தங்கி நின்று, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வரலைங்க. நீங்களே போயிட்டு வாங்க" என்று என்னிடம் மட்டும் சொன்னார். ஆகவே கிளைவ் போனால் தனியாகத்தான் போவார் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

9-ஆம் தேதி வியாழக்கிழமை காலை 8.10-க்குப் பூங்கா அலுவலகத்திலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. மழையில் பாறை சரிந்து பெல்பேர்ட் அருவிக்கு முந்தைய அறுபது மீட்டர் பாதை கைப்பிடியோடு போய்விட்டது, பிரதான வாசலில் தடுப்பு வைத்துப் பாதை மூடப்பட்டுள்ளது என்று அதில் இருந்தது. கிளைவ் மின்னஞ்சல் பார்க்கிறவர் அல்ல. இந்த மாதிரி அறிவிப்பு எல்லாவற்றையும் நான்தான் அவருக்குப் போனில் சொல்வது வழக்கம். 8.30-க்கு அவர் எண்ணைப் போட்டு, மணி அடிக்கும் முன்பே துண்டித்துவிட்டேன். அதன் பிறகு மூன்று தடவை கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தேன், ஒரு தடவையும் தேநீர் போடவில்லை. சந்துமுனை வரை போவதும் வருவதுமாக இருந்தேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். மாலை நான்கு மணிக்கு கிளைவே போன் செய்தார். "மழைக்கோட்டு எடுத்துட்டேன். வேற ஏதாச்சும் நான் தெரிஞ்சுக்கணுமா?" என்று கேட்டார். "உனக்குத் தெரியாததா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

10-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நார்த் தெருக் கோடிக்குக் காரில் போனேன். அவருடைய கார் நின்றது. பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. மூடுபனி மரத்தின் பாதி வரை இறங்கியிருந்தது. இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் படிக்கட்டு வரை இறங்கினேன். அவருக்குக் கண் இருக்கிறது, பாதை இல்லை என்றால் திரும்பி வரப்போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

11-ஆம் தேதி சனிக்கிழமை காலை இவோன் போன் செய்து, கிளைவ் முதல் நாள் விடுதிக்கு வந்து சேரவில்லை என்று விடுதிக்காரர்கள் சொன்னதாகத் தெரிவித்தார். இருவரும் இந்த நிலையத்துக்கு வந்தோம். பாதை மூடப்பட்டது அவருக்குத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். இவோன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமையே போனில் சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றார் என்று நான் சொன்னேன். அதுதான் பொய். அவருக்குத் தெரியும் என்று நான் சொன்னதால், அவர் பெல்பேர்ட் பக்கம் போயிருக்க மாட்டார், நார்த் தெருப் பாதையிலிருந்து கீழே பிரியும் பள்ளத்தாக்குப் பாதையில்தான் போயிருப்பார் என்று முடிவு செய்து, சனிக்கிழமை முழுவதும் தேடும் குழுவினர் முப்பத்தொரு பேர் பள்ளத்தாக்கில் தேடினார்கள். நான் வண்டி நிறுத்துமிடத்தில் இவோன் பக்கத்தில் நின்று, அவருடைய பிளாஸ்கிலிருந்து தேநீர் வாங்கிக் குடித்தேன். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

12-ஆம் தேதி ஞாயிறு காலை 9.40-க்கு, உடைந்த கைப்பிடிக்குப் பதினொரு மீட்டர் கீழே பாறைத் திட்டில் அவர் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இடது கை பாறைக்கு அடியில் நசுங்கியிருந்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் விரல்கள் தப்பியிருக்கும் என்று டாக்டர் இவோனிடம் சொன்னதாக அறிந்தேன்.

13-ஆம் தேதி திங்கள்கிழமை மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. "உன் வாக்குமூலத்தைப் படிச்சுக் காட்டினாங்க. ஆமா, அவ சொன்னா, நான்தான் மறந்துட்டேன்னு சொல்லிட்டேன்" என்றார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "ஜாய் போனப்புறம் என் கதவைத் தட்டினது நீ ஒருத்திதான். போ, டீ வாங்கிட்டு வா" என்றார். நான் டீ வாங்கப் போய், மெஷின் முன்னால் நின்றுவிட்டு, வார்டுக்குத் திரும்பாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்த இடத்திலும் என்னால் உட்கார முடியவில்லை.

இன்று காலை இவோன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உள்ளே போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, அவருடைய காரிலேயே என்னை இங்கே கொண்டுவந்து விட்டார். நான் இங்கே வந்திருப்பது கிளைவுக்குத் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன். அவருக்குக் கேடு வரவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தடுப்பு வரை போய், முட்டிக்கொண்டு, மார்லீனைக் கேட்டிருக்கலாமே என்று திரும்பி வரவேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் நார்த் தெருப் பாதையில் தடுப்பு எதுவும் இருக்காது என்பது எனக்குத் தெரியும். அது கணக்கில் வராத குறுக்குப் பாதை.

மேற்கண்டதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். வியாழக்கிழமை பற்றிய பத்தியின் முடிவில், "பாதை அடைப்பு விவரத்தை கிளைவிடம் சொல்ல மறந்துவிட்டேன்" என்று ஒரு வாக்கியத்தை அவர் சேர்த்து எழுதியிருந்தார். அதை அடிக்கச் சொன்னேன். வித்தியாசம் உங்களுக்குப் புரிகிறதா, இது உங்களுக்கு எதிராகப் போகும் என்று கேட்டார். புரிகிறது என்று சொல்லி, அடித்த இடத்தின் மேல் "தெரிந்தே சொல்லவில்லை" என்று என் கையாலேயே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன. எவர் வற்புறுத்தலும் இல்லாமல் கொடுத்தேன்.

(ஒப்பம்) மார்லீன் ஹாக்கிங்