பூஞ்சணம் பாக்க வந்தனான்

...இல்லைப் பிள்ளை, தெரியாமத்தான் கேக்கிறன், உதென்ன கோதாரி விழுந்த லிப்ட்? ஆறாம் மாடிக்கு நடந்து ஏறினதில என்ர முழங்கால் ரெண்டும் கோவிச்சுக்கொண்டு கீழயே நிண்டிட்டுது! இந்த வீடுகளைப் பராமரிக்கிற ஹவுசிங் ஒபிஸில வேலை செய்யிற எனக்கே ஒரு லிப்ட் திருத்தித் தர ஏலாத ஒபிஸ், உங்கட வீட்டுச் சுவர்ப் பூஞ்சணத்தைத் திருத்தப் போகுதாம். ஓம், நான்தான் நகுலேஸ்வரி, போனில கதைச்சது. சரி, உங்கட மனுசன் வான் வண்டியில ஏறிட்டாரோ? ஜன்னலால வடிவாப் பாருங்கோ. ...ஏறிட்டாரோ? அப்பாடா.

தேத்தண்ணியை விடுங்கோ தனுஷியா, இப்பிடி இருங்கோ. பயர் எஞ்சின் வாற வழியில வானை விட்டிருக்கிறார், அதை எடுக்கச் சொல்லி நான் அனுப்பினது நியாயம்தான். ஆனா இண்டைக்கு வெள்ளிக்கிழமை. முருகன் கோயிலுக்கு வந்த சனம் மனோர் பார்க் றோட்டெல்லாம் காரை அடைச்சு விட்டிருக்கும். இடம் தேடி ஒரு சுத்துச் சுத்தித்தான் வருவார். அதுக்குள்ள நாங்கள் கதைச்சு முடிக்கவேணும்.

பூஞ்சணமும் பாக்கத்தான் வேணும், உங்கட மகளுக்கு முட்டு இழுக்குது, மூச்சு விட ஏலாதெண்டு சொன்னனியளெல்லே. ஆனா நான் வந்தது உந்தப் படுக்கையறைக் கதவின்ர விசயமா. கதவு திருத்திற எட்வேட் வந்து சொல்லுறான், "அன்ரி, ஒரே கதவு, ஒரே இடம், திருத்தத் திருத்த உடையுது. மரம் தன்ர பாட்டில உப்பிடி உடையாது" எண்டு. அதை விசாரிக்க எங்கட ஒபிஸ் ஆரை அனுப்பினது? தமிழ் ஒரு சொல்லும் தெரியாத ஒருத்தரை! அவர் கேட்டதை உங்களுக்கு மொழிபெயர்த்தது ஆர்? உங்கட மனுசன்! நீங்கள் கண்ணைத் துடைச்சுக்கொண்டு நிக்கிறியளாம், அவர் "ஷீ இஸ் வெரி ஹாப்பி" எண்டாராம், அந்த மொக்கு அதை அப்பிடியே வந்து ஒப்பிக்குது! எனக்கு வந்த விசருக்கு மேசையில ஒரு அடி அடிச்சன், மனேஜரின்ர கோப்பி அவர் மடியில. பேந்துதான், "சரி, நீங்களே போங்கோ" எண்டவை.

இப்ப நேரா ஒண்டு கேக்கிறன். தலையை ஆட்டினாப் போதும். அடிக்கிறவரோ? ...ம். மகளுக்கு முன்னாலயோ? ...ம். அழுங்கோ, பரவாயில்லை. நான் நம்புறன். உங்களில ஒரு பிழையும் இல்லை.

இஞ்ச பாருங்கோ, எங்கட ஒபிஸில பியற்றிஸ் எண்டொரு பிள்ளை இருக்கு. இப்பிடிக் கஷ்டப்படுற பொம்பிளையளுக்கு உதவி செய்யிறதுதான் அவவின்ர வேலை. மன்னார்ப் பிள்ளை. ஐயோ, தமிழெண்ட உடன ஏன் முகம் மாறுது? கதை கோயில் வாசலுக்குப் போயிடுமெண்டோ? அட, அந்தப் பயமே வேண்டாம்! எனக்கு அவவோட உள்ள கோவமே அதுதான். பக்கத்து மேசையில இருந்து கெஞ்சிக் கேட்டாலும் ஒரு வீட்டுக் கதை சொல்லமாட்டா. சாப்பாட்டு நேரத்தில எனக்கு எவ்வளவு அலுப்புத் தெரியுமே! தங்கிறதுக்குப் பாதுகாப்பான இடம், வழக்குக்கு லோயர், பொலிசிட்டைப் போறதெண்டாக் கூட வாறது, எல்லாம் அவ பாத்துக்கொள்ளுவா. அந்த இடம் எங்கை எண்டு எனக்கே தெரியாது. என்ர வாயைப் பற்றித் தெரிஞ்சுதான் சொல்லாமல் விட்டிருக்கினம்.

விசாவோ? "உன்னைத் திருப்பி அனுப்பிடுவன்" எண்டவரோ? அட, இவர் என்ன, ஹீத்ரோவில குந்தியிருக்கிற ஒபிசரோ! அடி வாங்கி வெளிய வாற மனிசிமாருக்குச் சட்டத்தில வழி இருக்கு. லோயர் ஆறுதலா விளங்கப்படுத்துவா. பாஸ்போட்டை ஒளிச்சு வைச்சிருந்தாலும் யோசிக்காதேங்கோ.

போங்கோ எண்டு நான் சொல்லேல்லைப் பிள்ளை. இருக்கிறதும் போறதும் உங்கட முடிவு. இண்டைக்கு ஏலாதெண்டா வேற நாளைக்கு... என்ன? இண்டைக்கே எண்டோ? ...கழுத்திலயோ கை வைச்சவர்! எங்க, அந்தச் சால்வையை விலத்துங்கோ. ...கடவுளே.

சரி. சரி, நகுலேஸ்வரி, அழாதை. பிள்ளை, ஸ்கூல் விடுற நேரம்தானே, நீங்கள் வழமையா வெளிக்கிடுற நேரம். பெரிய பாக் வேண்டாம். மகளின்ர மூச்சுப் பம்பும் பிறப்புப் பத்திரமும் போதும். அந்தப் போனை வீட்டிலயே விடுங்கோ, நீங்கள் நிக்கிற இடம் அதில அவருக்குத் தெரியுமெண்டியளெல்லே. ஸ்கூல் வாசலுக்குப் பியற்றிஸ் வருவா, இந்தா இப்பவே போனில சொல்லுறன். பச்சைத் தொப்பி போட்டிருப்பா. தனிய இல்லைப் பிள்ளை, விளங்குதோ? ...படியில சத்தமெல்லே...

...அதுதான் சொல்லுறன், இப்பிடி ஜன்னலைப் பூட்டிவைச்சுக் கறி காய்ச்சினாப் பூஞ்சணம் வராமல் என்ன செய்யும்! ஓ, தம்பி, வாங்கோ வாங்கோ! இடம் கிடைச்சதோ? உங்கட மனிசியைத்தான் பேசிக்கொண்டிருக்கிறன். அட, ஸ்கூல் நேரமெல்லே, ஓடுங்கோ பிள்ளை, மழை வரப்போகுது.

இல்லைத் தம்பி, நீங்கள் நிக்கவேணும்! வீடு உங்கட பேரிலயெல்லே, நீங்கள் நிண்டாத்தான் நான் சுவரில கை வைக்கலாம். அவ தெரியாத வழிக்கே போறா? இருங்கோ. இருங்கோ எண்டுறன்! மூச்சு வாங்கிற மனிசியை நடு ஹோலில விட்டிட்டுப் போறதோ? உங்கட அம்மா உப்பிடியோ வளத்தவ? ம், அப்பிடி இருங்கோ. தம்பி எந்த ஊர்? கரவெட்டியோ! கரவெட்டியில எவடம்? பள்ளிக்கூடத்துக்கு இஞ்சாலயோ அங்காலயோ? அப்பா ஆர்? ...அவரோ! மீசை வைச்சவரோ? அவருக்கு ஒரு தங்கச்சி கனடாவிலயெல்லே? இல்லையோ? அப்ப அது வேற ஆள். சரி, அம்மாவின்ர பக்கத்தால வருவம்...

ஏன் தம்பி கதவைக் கதவைப் பாக்கிறியள்? எட்வேட் வந்திட்டான், வாசலுக்கு வெளியதான் நிக்கிறான், சுத்தியலோட. உங்கட கதவை இந்தமுறை வடிவாப் பாக்கவாம். ...ஆ, கீழ பாருங்கோ, ஸ்கூல் பக்கம் போற பஸ் வெளிக்கிடுது. இந்த றோட்டில ஒரு பஸ் நேரத்துக்கு வந்ததை நான் இண்டைக்குத்தான் கண்டன்!

தொண்டை காயுது தம்பி. ஒரு தேத்தண்ணி போடுங்கோவன். ...என்ன, சீனி எங்கயெண்டு தெரியாதோ? தனுஷியாட்டக் கேக்கப்போறியளோ? ...உதென்ன, போன் அறைக்குள்ள அடிக்குது? விட்டிட்டுப் போயிட்டா போல.

அடிக்கட்டும், விடுங்கோ. சீனி எங்கயெண்டு இனி நீங்களே தேடிப் பழகுங்கோ.